மயிலாத்தாளுக்காக நின்ற ஊர்

இரண்டு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு, மயிலாத்தாள் லாரியில் அடிபடக் கிளம்பினாள்.

“இன்னைக்கு எதுல?” என்று அடுப்படியிலிருந்து கேட்டான் அவள் கணவன் நாச்சிமுத்து.

“தண்ணி லாரி. பின்னால இருந்து வருது.”

“நேத்து முன்னால வந்துச்சுன்னு சொன்ன?”

“நேத்து பஸ்சு. தெனமும் ஒரே பக்கமா அடிச்சா எந்திரத்துக்குப் பாடம் ஏறாதாமா.”

“என்ன வேசம்?”

“எளநி விக்கற பெரியவரு. மீசை ஒட்டோணும். அந்தப் பசைதான் மாமா தொந்தரவு. லாரி கூடப் பரவால்ல, மீசைய உரிக்கறப்ப உசுரு போகுது.”

“சரி, அடிபட்டுட்டு வர்ற வழியில கொத்தமல்லித் தழை ஒரு கட்டு வாங்கிட்டு வந்துரு. மத்தியானம் தொகையல் அரைக்கோணும்.”

மயிலாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் காலத்துக் கோவையில் சாலை விபத்து என்பதே இல்லாமல் போயிருந்தது. ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் தானோடிகள்தான் தெருவெல்லாம். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விழிக்கம்பம் நிற்கும். அதன் உச்சியில் தேன்கூடு மாதிரி கேமராக்கள், அடியில் சந்திமூளை. நடந்து வருகிறவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கால் முன்னே இருக்கிறது, கண் சாலையில் இருக்கிறதா கைப்பேசியில் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்கும். பார்த்து, அடுத்த சில நொடிகளில் அவர் எங்கே இருப்பார் என்று கணக்கிடும். அந்த இடத்துக்கு ஒரு வண்டியும் வருமானால், வண்டியை நிறுத்திவிடும். பிள்ளைகளுக்கு விபத்து என்ற சொல்லே பாடப்புத்தகத்தில் படித்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஊர் மாறியிருந்தது.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. சந்திமூளை பார்த்துப் பார்த்துக் கற்கும் பொறி. பார்க்காதது அதற்கு மெல்ல மெல்ல மறந்து போகும். விபத்தே நடக்காத ஊரில் விபத்தை எங்கே போய்ப் பார்ப்பது? அதனால் சந்திப் பாதுகாப்பு வாரியம் ஊருக்கு வெளியே ஒரு பயிற்சித் திடல் கட்டியது. அசல் சந்திப்பு போலவே பேக்கரி, விளம்பரத் தட்டி, குழி விழுந்த ரோடு எல்லாம் உண்டு. வண்டிகளும் அசல்தான். முகப்பில் மட்டும் காற்றடைத்த மெத்தை மூக்கு ஒன்று பொருத்தியிருப்பார்கள். அடிபடுகிறவர் உள்ளே தாங்குடை போட்டிருப்பார். வண்டி தொட்டதும் அது புஸ்ஸென்று ஊதிக்கொள்ளும். வலி இருக்காது. எழுந்ததும் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான்.

முதலில் வேலைக்கு நிறையப் பேர் வந்தார்கள். விழச் சொன்னபோது விழுந்தார்கள். ஆனால் விழுந்த பிறகு பிணம் போல் அசையாமல் கிடக்க வேண்டும், மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள், அதையும் எந்திரம் பார்த்தாக வேண்டும் என்றதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவனுடைய அம்மா திடலுக்கே வந்து, “கல்யாணம் ஆகாத பையன் மேல கோடித் துணி போடறீங்களே, வெளங்குவீங்களா?” என்று அழுது, அந்தத் துணியை உருவிக்கொண்டே போய்விட்டாள்.

கடைசியில் மிஞ்சியது மயிலாத்தாள் ஒருத்திதான்.

“படுத்துக்கிட்டா சம்பளம் தர்ற வேலை வேற எங்கீங்க இருக்குது?” என்பாள் அவள்.

உறவினர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை. வளைகாப்புக்குப் போனால் முதல் வளையல் போட அவளைக் கூப்பிடமாட்டார்கள். பெண் பார்க்கக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிட்டால், திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். தினம் தினம் செத்துப் பிழைக்கிறவள் எதிரே வரலாமா?

ஒருத்தியை வைத்துக்கொண்டு ஊரார் எல்லாரையும் எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று வாரியம் யோசித்தது. இயக்குநர் சம்பந்தமூர்த்தி அதற்கு வழி கண்டுபிடித்தார்.

“உடுப்ப மாத்துங்க. ஒரு நாள் மீன்காரம்மா, ஒரு நாள் காலேஜ் பையன், ஒரு நாள் தாத்தா. உடுப்பு மாறினா ஆளு மாறினாப்ல. எந்திரத்துக்கு என்ன தெரியப் போகுது?”

எல்லாரும் தலையாட்டினார்கள். இப்படியே சில வருடங்கள் ஓடின.

அன்று வேலை முடிந்து, மீசையை உரித்துவிட்டு, சொந்தச் சேலையில் வந்த மயிலாத்தாள், கொத்தமல்லிக் கட்டோடு நூல்மில் சந்திப்பில் சாலையைக் கடக்கக் காலை வைத்தாள்.

நாலு பக்கமும் வண்டிகள் ஆணி அடித்தாற்போல் நின்றன.

அவள் திடுக்கிட்டு நடைமேடையில் ஏறினாள். வண்டிகள் நகர்ந்தன. மறுபடி காலைக் கீழே வைத்தாள். மறுபடி நின்றன. வழக்கமாக ஒரு வண்டி, மிஞ்சினால் இரண்டு வண்டி வேகம் குறையும். இப்படிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடித்துப் போட்டாற்போல் நின்றதை அவள் பார்த்ததில்லை.

தானோடி ஒன்றின் கண்ணாடி இறங்கியது.

“ஏம்மா, வெளையாடறீங்களா? ஏறறீங்க, எறங்கறீங்க!”

“ரோட்டுக்கு அக்கட்ட போகோணுங்க. அதுக்கு எறங்கித்தானுங்க ஆகோணும்?”

“ஊரையே நிறுத்திப்போட்டு நிக்கறீங்க! ரோடு என்ன உங்கப்பன் போட்டதா?”

“எங்கப்பன் போட்டிருந்தா இத்தன குழி இருக்காதுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கடந்து போனாள்.

அடுத்த சந்திப்பிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். அவள் வீடு வந்து சேர்வதற்குள் பாதி ஊர் நின்று நின்று நகர்ந்தது.

மாலையில் வாரியத்தின் பொறியாளர் தமயந்தி, வண்டி கிடைக்காமல் மூச்சு வாங்க அவர்கள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். நாச்சிமுத்து கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நேத்து ராத்திரி திடலையும் ஊர்ல இருக்கற எல்லா விழிக்கம்பத்தையும் நேரா இணைச்சோம். திடல்ல படிக்கற பாடம் அன்னன்னைக்கே ஊருக்குப் போயிரும்.”

“நல்லதுதான?”

“பாடமே தப்புங்கக்கா. நாம உடுப்ப மாத்துனோம், மீசைய ஒட்டுனோம். அது உடுப்பப் பாக்கல. நடையப் பாத்திருக்குது. எடது தோள முன்னால விட்டு நடப்பீங்கள்ல, அதப் புடிச்சுக்கிச்சு. விபத்துன்னா என்னன்னு அது கத்துக்கவே இல்லீங்க. உங்களத்தான் கத்துக்கிச்சு. இவங்க வந்தா சாவு வருது, அதனால எல்லாத்தையும் நிறுத்து. இவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது.”

மயிலாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கேட்டீங்களா மாமா? எந்திரமும் நம்ம ஒறம்பரைச் சனம் மாதிரியே ஆயிருச்சு! நான் எதுக்க வந்தா நிக்குது. ஒரு வாய் தண்ணி குடுத்தா குடிச்சிட்டுக் கெளம்பும்.”

நாச்சிமுத்துவும் சிரித்தான். தமயந்தி சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் மயிலாத்தாளின் சிரிப்பு நின்றது.

“ஏம் புள்ள, மத்தவங்க குறுக்க வந்தா நிக்குதா?”

“பழைய பாடம் கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்க. அதனால நிக்குது. ஆனாத் தேஞ்சுக்கிட்டே வருது.”

மறுநாள் வாரிய அலுவலகத்தில் இயக்குநர் சம்பந்தமூர்த்தி அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காப்பி வந்தது. காப்பி கொடுக்கிறார்கள் என்றால் விஷயம் தனக்கு நல்லதல்ல என்று மயிலாத்தாளுக்குப் புரிந்துவிட்டது.

“பாருங்கம்மணி, ரெண்டு வழி இருக்குது,” என்றார் அவர். “ஒண்ணு, நீங்க வீட்டுலயே இருங்க. வேணுங்கறதெல்லாம் வாசலுக்கு வரும். சம்பளமும் வந்துரும்.”

“எத்தன நாளைக்குங்க?”

“அது… பாத்துக்கலாம்.”

“ரெண்டாவது?”

“உங்க நடை வெறும் நடிப்புன்னு எந்திரத்துக்குச் சொல்லிக் குடுத்துருவோம். அப்பறம் உங்களக் கண்டுக்காது.”

“கண்டுக்காதுன்னா? நான் நெசமாவே குறுக்க போனாலும் நிக்காதுங்களா?”

“நீங்க ஏனுங்க குறுக்க போறீங்க?”

“ரோட்டுக்குக் குறுக்க போகாம அக்கட்ட எப்படீங்க போறது? பறக்கறதுங்களா?”

சம்பந்தமூர்த்தி தொண்டையைச் செருமினார். “அபாயம் ரொம்பக் கொறச்சல்னு கணக்குச் சொல்லுது.”

“ஊருக்குக் கொறச்சலுங்க. எனக்கு முழுசா ஒரு உசுரு.” அவள் காப்பியைத் தொடாமல் தள்ளி வைத்தாள். “மூணாவது வழி ஒண்ணு இருக்குது, நான் சொல்றன். ஊர் சனத்தக் கூட்டியாந்து அடிங்க. குண்டு, ஒல்லி, நொண்டி, கொழந்தையத் தூக்கிட்டு ஓடறவங்க, போன் பேசிட்டே நடக்கறவங்க, அத்தன பேரும் விழட்டும். எந்திரம் அவங்களையும் கத்துக்கட்டும்.”

“யாரும்மா வருவா?”

“நீங்க வாங்க.”

“நானா!” அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “கிரகப்பிரவேசம் வெச்சிருக்கறனுங்க. இந்த நேரத்துல போயி வெள்ளத் துணி போத்திக்கிட்டுப் படுக்கறதுங்களா?”

“நான் வர்றனுங்க சார்,” என்றாள் மூலையில் நின்ற தமயந்தி.

“நீ சும்மா இரு,” என்று அவளை அடக்கினார் சம்பந்தமூர்த்தி. “நீ ஒருத்தி போனா என்ன ஆகும்? எந்திரத்துக்கு ரெண்டு அபசகுனம். ஊரே வந்தாத்தான் அது மனுசங்களக் கத்துக்கும். ஊர் வராது. அதனால அம்மணி, பேசாமப் பொட்டாட்ட வீட்டுல இருங்க.”

மயிலாத்தாள் எழுந்தாள்.

“நாளைக்குக் காலையில இருந்து நடப்பனுங்க. தெனமும் நடப்பன். என்ற காலு, என்ற ஊரு.”

“ஊரே நின்னு போகுமுங்க!”

“நிக்கட்டும். மனுசங்க நின்னாத்தான் யோசிப்பாங்க.”

நாச்சிமுத்துவுக்குத்தான் பயம். “வேண்டாம் புள்ள. கண்டபடி பேசுவாங்க.”

“லாரி மோதறதே எனக்கு வேலை. பேச்சு மோதினா என்ன?”

மறுநாள் நடந்தாள். குடையும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துவும் பின்னால் போனான். அவள் ஒரு சந்திப்பில் இறங்கிக் கடப்பாள், திரும்பக் கடப்பாள், அடுத்த சந்திப்புக்குப் போவாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிப்போய்ச் சந்துக்குள் மறைந்து நின்று, அது போனதும் வெளியே வருவாள். மற்றபடி நடைதான். உச்சி வெயிலுக்குள் ஊரின் நடுப்பகுதி முழுக்க வண்டிகள் வெறுமனே நின்றன. கண்ணாடிகள் இறங்கின. தலைகள் வெளியே வந்தன.

“பீடை! ஊருக்குப் புடிச்ச பீடை!”

“வீட்டுல வேலவெட்டி இல்லாத பொம்பள!”

“வேலை இருக்குதுங்க. உங்களுக்காக அடிபடற வேலை. நீங்க வந்து பங்கு போட்டுக்கிட்டா நான் வீட்டுக்குப் போறன்.”

“மூஞ்சியப் பாரு! இதுல முழிச்சா வெளங்குமா?”

“முழிக்காதீங்க. தூங்குங்க. வண்டிதான் நிக்குதே.”

சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டிருந்த ஒருவர் தானோடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். “இழுத்து ஓரமாப் போட்டர்றன் பாரு!” என்று கையை நீட்டினார். நாச்சிமுத்து குடையைக் குறுக்கே நீட்டினான். “தொடாதீங்க. தொட்டா உங்களையும் சேத்துக் கத்துக்கும். அப்பறம் உங்களுக்கும் நிக்கும்.” அந்த மனிதர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

வாரிய அலுவலகத்தில் சம்பந்தமூர்த்தி வியர்த்துப்போய் இருந்தார். எத்தனை வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்ற தேக்க விகிதம் அன்றன்று தலைநகருக்குப் போகும். திரையில் ஊர் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

“தமயந்தி, தேக்கத்தத் தேக்கம்னு காட்டாம இருக்க வழி ஏதாச்சும் இருக்குதா?”

அவள் தயங்கினாள். “பழைய வகை ஒண்ணு இருக்குதுங்க சார். வழிவிடு வகை. முந்தி பெரிய மனுசங்க வரிசையா காருல போறப்ப ஊரையே நிறுத்துவாங்களாமா. அதுக்காக எழுதினது. அவங்களுக்காக வண்டி நின்னா தேக்கம்னு பதிவாகாது. மரியாதைன்னு பதிவாகும்.”

“அதுல யார வேணாலும் சேக்கலாமா?”

“யாரு சேக்கறதுன்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க சார்.”

“அந்தம்மாவச் சேத்து வுடு.”

தமயந்தி ஒரு விசையை அழுத்தினாள்.

சந்திப்பில் விழிக்கம்பம் ஊளையிட்டது. அதன் உச்சியில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது. வழிவிடுங்கள் என்று பலகையில் எழுத்து ஓடியது. வேறு எதுவும் மாறவில்லை. முன்பே நின்ற வண்டிகள்தான் இப்போதும் நின்றன. முன்பு நடந்த அதே மயிலாத்தாள்தான் நடந்தாள்.

ஆனால் ஏச்சு பாதியில் நின்றது. கதவுகள் திறந்தன. ஆட்கள் இறங்கி, வெயிலில் வரிசையாக நின்றார்கள். இழுத்துப் போடுகிறேன் என்று வந்தவர் அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“யாருங்க அந்தம்மா?”

“தெரியலீங்க. பெரிய எடம் போல.”

“நான் அப்பவே நெனச்சனுங்க. நடையப் பாத்தீங்களா? எடது தோளு முன்னால! பரம்பரையா வர்ற நடைங்க அது.”

“அடக்கத்தப் பாருங்க. குடை புடிக்கறதுக்குக் கூட ஒரே ஒரு ஆளு!”

பக்கத்துப் பூக்கடையில் இருந்த பெரிய மாலையை யாரோ கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். சாக்கடைக்கு மூடி இல்லை என்று ஒருத்தி அழுதாள். மருமகனுக்கு இடமாற்றம் வேண்டும் என்று ஒருவர் காலில் விழப் பார்த்தார். இன்னொருவர் நாச்சிமுத்துவின் காதருகே வந்து குனிந்தார்.

“ஐயா, அம்மா எந்தத் துறைங்க?”

“அடிபடற துறைங்க.”

“ரொம்ப முக்கியமான துறைங்க!”

கழுத்தில் விழுந்த மாலையோடு மயிலாத்தாள் நடுச்சாலையில் நின்றாள். முதலில் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. சுழலும் விளக்கைப் பார்த்தாள். கும்பிட்ட கைகளைப் பார்த்தாள். காலையிலிருந்து வாங்கிய ஏச்செல்லாம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பாத்தீங்களா மாமா? நம்ம ஊர்ல ரெண்டுக்குத்தான் நிப்பாங்க போல. ஒண்ணு அபசகுனத்துக்கு. இன்னொண்ணு அதிகாரத்துக்கு. மனுசி ஒருத்தி அக்கட்ட போகோணும்னா ஒருத்தனும் நிக்கமாட்டான்.”

“வா புள்ள, வீட்டுக்குப் போலாம்.”

“இருங்க.” அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னாக் கேப்பீங்களா?”

“உத்தரவு போடுங்கம்மா!”

“அப்படீன்னா எல்லாரும் பயிற்சித் திடலுக்கு வாங்க. லாரில அடிபடோணும். அடிபட்டு வெள்ளத் துணி போத்திப் படுக்கோணும்.”

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“அதுக்கு யாரு யாரையெல்லாம் விடுவாங்கம்மா?”

“எல்லாரையும் விடுவாங்க.”

“இல்லீங்கம்மா, மொதல்ல யாரை விடுவாங்க?”

அவ்வளவுதான். அடுத்த நாள் திடல் வாசலில் நிற்க இடமில்லை. கோடித் துணிக்குப் பயந்த ஊர், அம்மா சொன்ன துணி என்றதும் இஸ்திரி போட்டுக் கையில் எடுத்து வந்தது. வரிசையில் தள்ளுமுள்ளு. சிபாரிசுகள் பறந்தன. “எங்க குடும்பத்தப் போயி ஆட்டோவுல அடிபட வெச்சுட்டாங்க. லாரி என்ன, அவங்களுக்கு மட்டும் எழுதி வெச்சிருக்குதா?” என்று ஒரு வீட்டார் சண்டைக்கு நின்றார்கள். அடிபட உகந்த ஓரைகளைச் சோதிடர்கள் குறித்துக் கொடுத்தார்கள். துணி போர்த்திக் கிடந்த படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவது வழக்கமாயிற்று. சம்பந்தமூர்த்தி முதல் நாளே குடும்பத்தோடு வந்து, குளிர்சாதனப் பேருந்தில் அடிபட்டுவிட்டுப் போனார்.

தமயந்திக்குத் தலைகால் புரியவில்லை. கைத்தடி ஊன்றியவர், கைப்பிள்ளையோடு ஓடுகிறவள், கைப்பேசியில் தலையைக் கவிழ்த்தவன், சண்டை போட்டுக்கொண்டே நடக்கும் தம்பதி என்று எந்திரம் பார்த்தது, பார்த்துப் பார்த்து மயிலாத்தாளை மறந்தது, மனிதர்களைக் கற்றது. இப்போது யார் காலைக் கீழே வைத்தாலும், அவருக்கு வேண்டிய அளவுக்கு, அந்தப் பக்கத்து வண்டிகளை மட்டும் நிறுத்தும் என்று கணக்குச் சொன்னது.

தமயந்தி அதையும் வழிவிடு வகையைப் பற்றியும் சொல்லக் கேட்டதும், மயிலாத்தாள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். சம்பந்தமூர்த்தி எழுந்து நின்றார்.

“என்னை அந்த வழிவிடு வகையில இருந்து எடுத்துருங்க.”

“என்னம்மணி சொல்றீங்க! உள்ள வர்றதுக்குத்தான் ஆளு நாயா அலைவாங்க. அதுலருந்து யாராச்சும் தானா எறங்குவாங்களா? எறக்கறதுக்கு எங்ககிட்ட முறையே கெடையாதுங்க.”

“நடக்கறதுக்குத்தான் விடச் சொன்னன். ஊர்வலம் விடச் சொல்லல. எடுங்க.”

அவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தமயந்தி விசையை அழுத்திவிட்டாள்.

மயிலாத்தாள் தனியாக வெளியே வந்து, கிணத்துமேட்டுச் சந்திப்பு வரை நடந்தாள். காலைக் கீழே வைத்தாள். வந்துகொண்டிருந்த ஒரு தானோடி மட்டும் வேகத்தைக் குறைத்து, அவளுக்கு வழி விட்டது. ஊளை இல்லை, விளக்கு இல்லை. ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் கும்பிடவில்லை. அவள் கடந்து முடித்ததை ஊரில் யாருமே கவனிக்கவில்லை. இத்தனை நாள் இதற்குத்தானே சண்டை போட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வேண்டுமென்றே ஒரு முறை திரும்பி நின்று, தான் கடந்த இடத்தைப் பார்த்தாள்.

எதிர்ப்புறம் கையில் கரண்டிக் கட்டோடு ஒரு சமையல்காரர், கல்யாண வேலைக்குப் போகிறவர் போலும், சாலையில் இறங்கக் காலெடுத்தார். அந்தப் பக்கத்து வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகளைப் பார்த்ததும் அவரும் நின்றார். கரண்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கூப்பினார். யார் வருகிறார்கள் என்று கழுத்தை நீட்டி இடமும் வலமும் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர்களும் கையைக் கூப்பி, எட்டி எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் சாலைப் பக்கம் சாய்வதைக் கண்ட விழிக்கம்பம், எல்லாரும் கடக்கப் போகிறார்கள் என்று கணக்கிட்டு நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தியது. நின்ற வண்டிகளுக்குள் இருந்தவர்களும் இறங்கிக் கையைக் கூப்பினார்கள்.

மயிலாத்தாளின் கைப்பேசி அலறியது. சம்பந்தமூர்த்தியின் குரல்.

“அம்மணி, கிணத்துமேடு நின்னு போச்சுங்க! நீங்களா?”

“நானில்லீங்க.”

“அப்ப யாருக்காக நிக்குது? யாரு வர்றாங்க?”

“யாருமே வரலீங்க. அதுதான் தகராறு.”

“எந்திரத்துல கோளாறா?”

“எந்திரம் நல்லாத்தானுங்க இருக்குது.”

அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்பக் கடந்து சமையல்காரரிடம் போனாள்.

“ஏனுங்க நிக்கறீங்க? போங்க.”

“பெரியவங்க யாரோ வர்றாங்க போலிருக்குதுங்க. வண்டியெல்லாம் நின்னுருச்சு.”

“யாரும் வரல. உங்களுக்குத்தான் நின்னிருக்குது.”

சமையல்காரர் சிரித்தார். “எனக்கா! நல்லாச் சொன்னீங்க. நான் சாம்பார் வெக்கறவனுங்க.”

“சாம்பார் வெக்கறவருக்குத்தான் நின்னிருக்குது. எறங்குங்க.”

“சத்தம் போடாதீங்கம்மா,” என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். “அவங்க வர்ற நேரம்.” அப்போதுதான் இன்னொருத்திக்கு முகம் தெரிந்தது. “அட, அவங்களேதானுங்க இது! லாரியம்மா!” கூப்பிய கைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. “நீங்க மொதல்ல போங்கம்மா. நீங்க போனப்பறம் நாங்க போறோம்.”

மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடைமேடையின் ஓரத்தில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போகமாட்டன். இவரு எறங்கி நடக்கற வரைக்கும் இங்கிருந்து எந்திரிக்கமாட்டன். நீங்களும் கெடங்க. வண்டியும் கெடக்கட்டும்.”

வண்டிகளுக்கு அவசரம் இல்லை. அவை பொறுமையாக நின்றன. சமையல்காரர் அவளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். மெதுவாக ஒரு காலைக் கீழே வைத்தார். நேர் எதிரே இருந்த பேருந்து, அவர் தாராளமாகப் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் பின்வாங்கி நின்றது. அதைக் கண்டதும் அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, அந்த ஆளில்லாத பேருந்துக்கு ஒரு பெரிய கும்பிடாகப் போட்டார்.

“கையை எறக்குங்க,” என்றாள் மயிலாத்தாள். “காலை எறக்குங்க.”